லோஸ் பாஞ்சோஸ் பாட்டுகளின் ரெகின்டோ ஒலி சாதாரண நைலான் கிட்டாரில் வருமா?

நைலான்65:
லோஸ் பாஞ்சோஸ் என்ற மூவர் குழுவின் பாட்டுகளில் ரெகின்டோ என்ற சுருதி உயர்ந்த சிறிய கிட்டார் ஒலிக்குமே, அதை 'பேஸமே மூச்சோ' என்ற ஸ்பானிஷ் பாட்டின் முன்னிசைக்காகக் கேட்கிறேன். இருப்பது 65 செ.மீ. கிளாசிகல் கிட்டார். ஆறு ஸ்ட்ரிங்கையும் ஏற்றிக் கட்டினால் முதல் ஸ்ட்ரிங் அறுந்துவிடுகிறது. 5ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் சுருதி சரி, ஆனால் ஒலியில் அந்தக் கூர்மை இல்லை. 'ஸ்பானிஷ் போலெரோ' என்று கிடைத்த பேக்கிங் டிராக்கோடு வாசித்தால் பாட்டு ஒட்டவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

குட்டைக்கழுத்து:
முதலில் ஏற்றிக் கட்டுவதை நிறுத்துங்கள், பிரிட்ஜ் பெயர்ந்து வரும். ரெகின்டோவின் சுருதி ஆறாவது ஸ்ட்ரிங்கிலிருந்து ஏ, டி, ஜி, சி, ஈ, ஏ. அதே ஸ்ட்ரிங்கை 65 செ.மீ. நீளத்தில் அவ்வளவு ஏற்றினால் இழுவிசை சுமார் 78% கூடும். ரெகின்டோவின் நீளம் ஏறத்தாழ 54 செ.மீ.தான். அதிலும் சாதாரண செட் போட்டால் 23% கூடுதல் இழுவை விழும். அதனால்தான் ரெகின்டோ செட் தனியாக விற்கிறார்கள். கணக்குப்படி 0.71 மி.மீ. முதல் ஸ்ட்ரிங்குக்குப் பதில் 0.64 மி.மீ. போட்டால் இழுவை பழையபடி ஆகிவிடும்.

கேப்போவில் கூர்மை வராததற்குப் பெரும்பாலும் வலது கைதான் காரணம். கேப்போ போட்டதும் ஸ்ட்ரிங் நீளம் 48.7 செ.மீ. ஆகிவிடுகிறது, கை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. பிரிட்ஜிலிருந்து 10 செ.மீ. தள்ளி மீட்டுபவர் என்றால் இப்போது 7.5 செ.மீ.க்கு நகர வேண்டும். விரல் நுனியை விட்டுவிட்டு பிக் எடுங்கள்.

வழிக்கு வராத விஷயமும் ஒன்று உண்டு. கிளாசிகல் கிட்டாரில் உடல் 12ஆம் ஃப்ரெட்டில் தொடங்கிவிடும், கேப்போவுக்கு மேல் கை தாராளமாகப் போக ஏழு ஃப்ரெட்தான். மேலே வழுக்கிப் போகும் இரட்டைச் சுர ஓட்டங்கள் அங்கே முட்டிக்கொள்ளும். ஆல்ஃப்ரெடோ ஹில் ரெகின்டோவை உருவாக்கியதன் அருமை அங்கேதான் புரியும். (1944இல் நியூயார்க்கில் அவரும் சூச்சோ நவார்ரோவும் எர்னாண்டோ அவிலேஸும் சேர்ந்ததுதான் லோஸ் பாஞ்சோஸ்.)

இரண்டாவது கிட்டார் டி மைனரில் வாசித்தால் கேப்போக்காரர் பிடிக்க வேண்டியது ஏ மைனர் வடிவம். அங்கே ஜி மைனர், ஈ7, ஏ7 வரும்போது உங்கள் விரலில் டி மைனர், பி7, ஈ7. இதை மறந்து இருவரும் ஒரே வடிவத்தைப் பிடிப்பதுதான் வழக்கமான விபத்து.

மராக்காஸ்:
டிராக் ஒட்டாததற்குக் காரணம் எளிது. ஸ்பெயினின் போலெரோ 3/4 நடனம். நீங்கள் வாசிப்பது கியூபா போலெரோ, சான்டியாகோவில் பிறந்தது. பெப்பே சான்ச்செஸ் 1883இல் எழுதிய 'திரிஸ்தேஸாஸ்' என்ற பாட்டைத்தான் முதலாவது என்பார்கள். மெக்சிகோவுக்குப் போய் ட்ரியோக்கள் எனும் மூவர் குழுக்களின் சொத்தானதும் இதுதான். பெயர் ஒன்றுதான், தாளம் வேறு.

4/4இல் எட்டாக எண்ணுங்கள். 1 அடி, 2 வெற்று, 3 முதல் 8 வரை ஒவ்வொன்றிலும் அடி. கட்டைவிரல் பாஸ் 1, 5, 7இல் மட்டும். அந்த இரண்டாவது எண்ணிக்கையில் கை போகக்கூடாது. அதற்காக ஸ்ட்ரிங்கை அமுக்கிவிடவும் வேண்டாம், முதல் அடி தானாக ஒலித்துக்கொண்டிருக்கட்டும். எட்டையும் அடித்தால் சாதாரண சினிமா மெலடி ஸ்ட்ரம் ஆகிவிடும். இந்த ஓர் இடம் சரியானால் பாதிப் பாட்டு வந்தமாதிரி.

ரெகின்டோ தனியாகக் காதில் விழ வேண்டுமானால் லோஸ் த்ரெஸ் கபாயேரோஸின் 'எல் ரெலோஹ்', 'லா பார்கா' கேளுங்கள். இரண்டும் அந்த ட்ரியோவிலேயே இருந்த ரொபெர்தோ கன்தோரால் என்பவர் எழுதியவை, ரெகின்டோ வாசித்தவர் சமீன் கொர்ரேயா. என் கணக்கில் நுணுக்கத்தில் இவர் ஹில்லையும் மிஞ்சுவார், சண்டைக்கு வருபவர்கள் வரலாம். 

நைலான்65:
7.5 செ.மீ. வேலை செய்கிறது! பாடுபவருக்கு வரிகளைத் தமிழில் எழுதித் தரலாமா?

மராக்காஸ்:
தரலாம், ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து நன்றாகவே உதவும். 'பேஸமே'யில் அழுத்தம் 'பே'யில். 'பேசாமே' என்று நடுவில் நீட்டினால் முத்தம் கேட்கிற பாட்டு வாயை மூடச் சொல்லும் பாட்டாகிவிடும். லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் இஸட்டும் 'ஸ'தான்: Quizás என்பது 'கிஸாஸ்'. இரட்டை எல் வந்தால் 'ய', ஜே வந்தால் 'ஹ'. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு எழுதித் தராதீர்கள், பாடுபவர் அங்கங்கே நிற்பார். ஆல்வாரோ கர்ரியோவின் 'ஸபோர் அ மீ' மூன்று சொல். பாடும்போது 'ஸபோரமீ' என்று ஒரே மூச்சு. அப்படியே சேர்த்து எழுதிவிடுங்கள்.