புது எலெக்ட்ரிக் காரின் டிக்கிக்குள் மழைத் தண்ணீர், கதவும் பொனட்டும் நேராக இல்லை. "எலெக்ட்ரிக் கார் என்றால் இப்படித்தான்" என்கிறார்கள், உண்மையா?

தலவாக்கலை_ரவி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து எங்கள் வீட்டில் கார் பேச்சுத்தான். 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்ததும் அப்பா தோட்டத்தில் உழைத்துச் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்திலிருந்து ஒரு பங்கு கொடுத்தார், அண்ணன் கட்டாரிலிருந்து கொஞ்சம் அனுப்பினார், மிச்சம் லீசிங். போன மாதம் கொழும்பில் வண்டியை எடுத்தோம்.

ஷோரூம் வெளிச்சத்தில் ஒன்றும் கண்ணில் படவில்லை. கித்துல்கல தாண்டும்போது நல்ல மழை பிடித்தது. வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தால் கார்ப்பெட்டின் இடது மூலை ஈரம். சரி, சாமான் ஏற்றும்போது நனைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது, கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் ஒரு கோப்பை தண்ணீர் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் வண்டியைச் சுற்றி வந்து நிதானமாகப் பார்த்தேன். பொனட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே வலப்பக்கம் நகம் போகாது, இடப்பக்கம் பத்து ரூபாய்க் குற்றியை வைத்தால் ஆடுகிறது. இடது பின்கதவின் மேல் முனை வெளியே தள்ளி நிற்கிறது. டிக்கிக் கதவும் இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருக்கிறது.

விற்றவர்களுக்குப் போன் பண்ணினேன். "எலெக்ட்ரிக் கார் எல்லாம் இப்படித்தான் சார், பற்றரி பாரம், பொடி கொஞ்சம் அசையும், போகப் போக செட் ஆகிவிடும்" என்றார்கள். உண்மையாகவே இப்படித்தானா? அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மழை தொடங்கினால் எழுந்து போய் டிக்கியைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறார். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

கொட்டகலை_சுதா:

தம்பி, அலைய வேண்டாம். டிக்கி ரப்பரைச் சுற்றி சிலிக்கன் அடித்துவிடுங்கள், எங்கள் வேனுக்கு அப்படித்தான் செய்தோம், தண்ணீர் நின்றுவிட்டது. இடைவெளியை இங்கே ஏதாவது கராஜில் தட்டிச் சரிபண்ணலாம். அதற்காகக் கொழும்புக்குப் போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

கம்பளை_டிங்கர்:

சுதா சொன்னதை மட்டும் செய்யாதீர்கள் தம்பி. அவர் மீது குறையில்லை, பழைய வேனுக்கு அது போதும். உங்களுடையது வொரண்டியில் இருக்கிற புது வண்டி. சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு பெயின்ட் பிடிக்காது, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்ற தடயமும் அழிந்துபோகும், "வெளியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று அவர்கள் கழன்றுகொள்ளவும் வழி கிடைக்கும். நான் 28 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எலெக்ட்ரிக் வண்டிகளும் இப்போது வருகின்றன, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஒரு காரின் வெளித்தகடு இரண்டு வகை. பொனட், கதவு, டிக்கிக் கதவு, முன் மட்கார்ட் எல்லாம் போல்ட் போட்டு மாட்டியவை. போல்ட்டைத் தளர்த்தி மேலே கீழே, உள்ளே வெளியே நகர்த்தலாம், பொனட்டின் அடியில் இருக்கும் ரப்பர் குமிழைத் திருகினாலே உயரம் மாறும். கூரையும் பின்பக்க மட்கார்டும் வெல்டிங், அவற்றை நகர்த்த முடியாது. நீங்கள் சொன்ன மூன்றுமே போல்ட் வகை, அதனால் பயப்பட வேண்டாம், இது தீரக்கூடிய வியாதிதான். கதவு வெளியே தள்ளி நிற்பதற்குப் பல தடவை காரணம் தூணில் இருக்கும் லொக் கொக்கிதான், அதை இரண்டு மில்லிமீற்றர் உள்ளே தள்ளினாலே கதவு போய் உட்கார்ந்துவிடும்.

ஆனால் தட்டிக்கொட்ட விடாதீர்கள். எலெக்ட்ரிக் வண்டியில் உயர் மின்னழுத்தம் போகும் செம்மஞ்சள் நிற வயர் ஓடும் இடங்களில் பழகாத கை போகவே கூடாது.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பொனட்டையும் டிக்கியையும் திறந்து கீல் போல்ட்களின் தலையைப் பாருங்கள். பெரும்பாலான கம்பனிகளில் பொடியோடு சேர்த்துத்தான் அதற்கும் பெயின்ட் அடிப்பார்கள். அந்தப் பெயின்ட் உடைந்து, ஸ்பேனர் பிடித்த அடையாளம் தெரிந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், கப்பலிலோ யார்டிலோ அடிபட்டிருக்கலாம். அடையாளம் இருந்தால் உடனே படம் எடுத்து வையுங்கள்.

இனித் தண்ணீர். இடைவெளியையும் தண்ணீரையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். வெளித்தகட்டின் இடைவெளி வழியாகத் தண்ணீர் போவது இயல்புதான், அதைத் தடுப்பது உள்ளே இருக்கும் ரப்பர் பீடிங். டிக்கிக் கதவு ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பீடிங் சரியாக அமுங்காது, அப்போதுதான் அது தண்ணீர்ப் பிரச்சினை ஆகிறது. பீடிங் முழுக்க முகத்துக்குப் பூசும் பவுடரைத் தடவி, கதவைச் சாத்தித் திறந்து பாருங்கள், எதிர்ப்பக்கத் தகட்டில் பவுடர் ஒட்டாத இடத்தில் அமுங்கவில்லை. அங்கே எல்லாம் சரி என்றால் பின் லைட்டுக்குப் பின்னால் இருக்கும் வாஷர், பம்பருக்குள் ஒளிந்திருக்கும் காற்றுத் துவாரம், டிக்கிக் கீலின் அடி, கூரை ஓரத்துக் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், தண்ணீர் புகாமல் பூசிய மசை, இப்படிப் போகவேண்டும். ஒருவர் டோர்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும், மற்றவர் ஹோஸ் பைப்பால் வேகமில்லாமல், கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம் ஊற்ற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் பிடிபடாது.

ஒன்று கேட்கிறேன், வீட்டில் வண்டியை எப்படி நிறுத்துகிறீர்கள்? மூக்கு மேலே பார்த்த மாதிரியா?

தலவாக்கலை_ரவி:

ஆமாம் அண்ணே, எங்கள் லயத்துக்கு ஏறும் பாதை சரிவு, மூக்கு மேலே பார்த்துத்தான் எப்போதும் நிற்கும். ஏன்?

கம்பளை_டிங்கர்:

அதுதான் விஷயம். சமதரையில் கூரைத் தண்ணீர் முன்னும் பின்னுமாகப் பிரிந்து போகும். உங்கள் இடத்தில் முழுத் தண்ணீரும் கூரைக் காடி வழியாகப் பின்னால் ஓடி டிக்கியின் மேல் ஓரத்தில் வந்து தேங்குகிறது. கொழும்பில் சமதரையில் வைத்து அடித்துப் பார்த்துவிட்டு "லீக் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், பதுளைப் பக்கம் ஒருவருக்கு அப்படி இரண்டு தடவை நடந்து கடைசியில் என்னிடம் வந்தார். முன் சில்லுகளை ரேம்பில் ஏற்றி வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். இடைவெளியை அளப்பதற்கு மட்டும் சமதரை வேண்டும், இரண்டையும் குழப்பாதீர்கள்.

தண்ணீரை நாள்கணக்கில் விடவும் வேண்டாம். கார்ப்பெட்டின் அடியில் இருக்கும் ஸ்பொன்ச் ஒரு தடவை குடித்தால் ஜூன், ஜூலையில் நம் பக்கம் காயவே காயாது, பூஞ்சணம் பிடிக்கும், ஓரமாகப் போகும் வயர் சொக்கட்டுகளில் பச்சை படியும். பெரிய பற்றரிக்கு இதனால் ஒன்றும் ஆகாது, அது மூடி அடைத்த பெட்டி. சின்ன வயர்கள்தான் பிறகு கழுத்தறுக்கும்.

பண்டாரவளை_லீஃப்:

"எலெக்ட்ரிக் என்றால் இப்படித்தான்" என்ற பேச்சுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. நான் ஓட்டுவது ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப். அதுவும் எலெக்ட்ரிக்தான், அதற்கும் கீழே பாரமான பற்றரிதான். ஹப்புத்தளை வளைவுகளிலும் தோட்டத்துக் குழிகளிலும் இத்தனை வருடம் ஓடியும் கதவு இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவு. பற்றரியை அடித்தளத்தோடு இறுக்கும்போது பொடி இன்னும் விறைப்பாகத்தான் ஆகிறது, அதன் பாரத்தால் ஒரு மாதத்தில் பொனட் ஒரு பக்கம் ஒதுங்காது. ஒழுங்காகப் பொருத்தாமல் அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால் டெஸ்லாவிலிருந்து. மொடல் 3 வந்த புதிதில், 2018இல், கார்களைப் பிரித்து ஆராயும் சேன்டி மன்ரோ அதன் இடைவெளிகளை 90களின் கியா கார்களோடு ஒப்பிட்டார். 2021 பெப்ரவரியில் அதே மன்ரோவுக்குக் கொடுத்த பேட்டியில் எலோன் மஸ்க்கே ஒப்புக்கொண்டார், உற்பத்தியை வேகமாக ஏற்றும் காலத்தில் நுணுக்கங்களைச் சரியாகச் செய்வது கஷ்டம், ஒன்றில் முதல் முதலில் வாங்குங்கள், இல்லையென்றால் உற்பத்தி நிதானப்பட்ட பிறகு வாங்குங்கள் என்று. 2025 மார்ச்சில் டெஸ்லாவின் இன்னொரு வண்டியான சைபர்ட்ரக்கின் கூரையோரத் தகடு கழன்று விழலாம் என்று 46,000க்கு மேற்பட்ட வண்டிகளைத் திருப்பி அழைத்தார்கள், அங்கே சிக்கல் தகட்டைப் பிடித்திருந்த பசை. இவை எல்லாம் பொருத்தும் வேலையின் குறைகள், மோட்டாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்ரோல் கார் கம்பனி ஒன்று அவசரப்பட்டாலும் இதே கதைதான்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. என்ஜின் சத்தம் இல்லாததால் கதவு சரியாக உட்காராவிட்டால் காற்று விசில் அடிப்பது நன்றாகக் கேட்கும். அப்படிக் கேட்டால் அதையும் குறையாக எழுதுங்கள்.

கண்டி_நிஷா:

போனில் பேசியது எதுவும் நாளைக்கு நிற்காது ரவி. இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள், படங்களோடு, தேதியோடு. வண்டியை விடும்போது அவர்கள் எழுதும் வேலைச் சீட்டான ஜொப் கார்டில் "தண்ணீர் உள்ளே வருகிறது, முன்பக்கம் உயர்த்திச் சோதிக்க வேண்டும்" என்று எழுத வைத்துப் பிரதி வாங்குங்கள், "வாடிக்கையாளர் முறைப்பாடு" என்று பொதுவாக எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977க்கு அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வண்டி விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்கு ஏற்கனவே ஒரு மாதம் போய்விட்டது.

கொட்டகலை_சுதா:

நான் சொன்னது பிழை, மன்னிக்கவும். கம்பளை அண்ணன் சொல்கிறபடி செய்யுங்கள். கொழும்புக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

தலவாக்கலை_ரவி:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை தம்பியை டிக்கிக்குள் உட்காரவைத்துச் சோதித்தோம். பவுடர் இடது மேல் மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டவே இல்லை. தண்ணீர் ஊற்றியபோது அங்கிருந்துதான் சொட்டியது, பின் லைட் பக்கம் காய்ந்தே இருந்தது. கீல் போல்ட்களின் பெயின்ட் உடையவில்லை, அதனால் அடிபட்ட வண்டி இல்லை என்று மனது கொஞ்சம் ஆறியது. வீடியோவோடு மின்னஞ்சல் அனுப்பினேன், மறுநாளே பதில் வந்தது, செவ்வாய்க்கிழமை கொண்டுவரச் சொல்கிறார்கள், ரேம்பில் ஏற்றிச் சோதிக்கவும் ஒப்புக்கொண்டார்கள். சுதா அண்ணே, விடியற்காலை 4 மணிக்கு கொட்டகலைச் சந்தியில் நில்லுங்கள், அப்பாவும் வருகிறார்.