புதுப்பிப்பு: ஹட்டன் ஈரத்தில் பெயர்ந்த கிட்டார் பிரிட்ஜ்

தேவாலயப் பாடகர் குழுவின் பழைய கிட்டாரில் பிரிட்ஜ் (தந்திகளைப் பிடித்துக்கொண்டு முகப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் மரத்துண்டு) பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஆணி அடிக்கலாமா, பசை போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பசை என்று சொன்னவர்களுக்கு நன்றி. பிரிட்ஜ் உறுதியாக நிற்கிறது.

சூடாக்கிய மெல்லிய கத்தியை மரத்தின் ரேகையோடு நுழைத்து முழுவதையும் கழற்றினேன். அடியில்தான் காரணம் தெரிந்தது: ஓரம் முழுவதும் வார்னிஷ் மேலேயே பசை பூசியிருந்தார்கள். ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுக்கும்போது வார்னிஷ் தாங்குமா? வெறும் மரம் தெரியும்வரை சுரண்டி, மரப்பசை பூசி, தச்சு வேலை செய்யும் மாமாவின் கிளாம்ப்களால் ஒரு நாள் முழுக்க இறுக்கி வைத்தேன். தென்மேல் பருவ மழைக்காலத்தில் இங்கே பசை காய்வதும் மெதுவாகத்தான். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது. நம் மலையில் அது அரிது. அதனால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளும் வைத்திருக்கிறேன்.

அடுத்து, புதிதாக ஒரு கிட்டார் செய்யப்போகிறேன். கழுத்துக்கு மஹோகனிப் பலகை கிடைத்துவிட்டது. தந்தி நீளம் 650 மி.மீ.; அதை ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) இடங்களைக் கணக்கிடும் மாறா எண்ணான 17.817ஆல் வகுத்தால், முதல் ஃபிரெட் தந்தியின் தலைப்பக்க முனையிலிருந்து 36.48 மி.மீ.யில் வரும். ஃபிரெட் பதிக்க 0.6 மி.மீ. தடத்தில் அறுக்கும் வாள் கண்டியில் எங்கே கிடைக்கும்?