அம்மாவின் மறுமணமும் குடும்ப ஓய்வூதியமும்: விவரம் அறிந்தோர் உதவவும்

வணக்கம். மத்திய அரசு ஊழியராக இருந்த அப்பா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தனியார் பள்ளி ஆசிரியையான அம்மா, தலைமையாசிரியர் பதவிக்குத் தம்மோடு போட்டியிட்டு, பாடவேளை அட்டவணை முதல் ஆய்வகச் சாவி வரை எல்லாவற்றிலும் மல்லுக்கு நின்ற சக ஆசிரியரையே இப்போது மணந்துகொள்ள விரும்புகிறார். (முன்பு அவர் பேச்சை எடுத்தாலே சாம்பாரில் உப்புக் கூடிவிடும், இப்போது அவருக்கென்று தனி டப்பாவில் எலுமிச்சைச் சாதம் போகிறது.) எனக்கு முழுச் சம்மதம்; தாய்மாமாதான் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. மணமகன் கிறித்தவர் என்பதால், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்ய எண்ணியுள்ளோம். மறுமணத்தோடு அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடும் என்பதால், கல்லூரியில் படிக்கும் 19 வயதுத் தங்கையின் பெயருக்கு அதை மாற்ற எங்கே, எந்தச் சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை, இந்த நடைமுறையைக் கடந்து வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.