பொருள்: ஃபிட்னெஸ் – 'தகுதி'யா, வேறு சொல்லா?

அன்பர்களே,

பத்தாம் வகுப்புக்குப் பரிணாமம் பற்றிய துணைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஃபிட்னெஸ் (உடற்பயிற்சி சார்ந்ததல்ல, ஓர் உயிர் எவ்வளவு சந்ததியை விட்டுச்செல்கிறது என்ற பரிணாமக் கருத்து) என்பதற்குத் 'தகுதி' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. 'இயற்கைத் தேர்வு' பக்கத்தில் 'தகுதி' வந்தால் பிள்ளைகளுக்குத் தகுதித் தேர்வுதான் நினைவுக்கு வரும்.

என் எடுத்துக்காட்டு பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள டாஃப்னி மேஜர் தீவு. 1977 வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்துபோக, கெட்டி விதைகளை உடைக்க முடிந்த தடித்த அலகு ஃபிஞ்சுக் குருவிகளே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்திருந்ததைக் உயிரியலாளர்களான பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் அளந்து காட்டினார்கள். 1983இல் எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) கொண்டுவந்த மழை. சிறு விதைகள் பெருகின. அப்புறம் சிறிய அலகுக்கு ஆதாயம். இதில் எந்த அலகைத் 'தகுதியானது' என்பது?

---

ஐயா, 'உய்திறன்' என்று வையுங்கள். 'தக்கன பிழைத்தல்' (சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்) என்பதையும் மாற்ற வேண்டும். "எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார் பெரியார்ப் பிழைத்தொழுகு வார்" (குறள் 896): இங்கே பிழைத்தல் குற்றம், உய்தலே தப்புதல். பரிணாமமும் வடசொல். ஈழப் பாடநூல்களில் அதற்குக் 'கூர்ப்பு' உண்டு. "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்பது தொல்காப்பிய உரியியல்.

---

'உள்ளது சிறத்தல்', அதாவது பரிணாமம் என்றால் இருப்பது மேம்படுவது என்ற எண்ணத்தைத்தான் வகுப்பில் முதலில் களைய வேண்டியிருக்கிறது. குகை மீன் கண்ணை இழந்ததும் பரிணாமம்தான். அதில் சிறப்பு எங்கே? உய்திறனும் பாதிதான் சரி. வறட்சியில் தப்பிய குருவி குஞ்சு பொரிக்காமலே செத்தால் அதன் ஃபிட்னெஸ் பூஜ்யம்.

'தகவு' போதும். தகவமைப்பு என்ற சொல் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். "தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்" (குறள் 114). எச்சம் என்பதற்கு மக்கள் என்றே பரிமேலழகர் பொருள் கொள்கிறார். சந்ததியை வைத்து அளப்பது என்ற கருத்து அதிலேயே இருக்கிறது.

---

அந்தக் குறள் நடுவுநிலைமை அதிகாரத்தில் வருகிறது அம்மா. அங்கே தகவு என்பது அறம். தகுதியை வாசல் வழியே அனுப்பிவிட்டுக் கொல்லை வழியே கூப்பிடுகிறீர்கள்.

---

எல்லோருக்கும் நன்றி. பெரும்பாலோர் தகவு என்கிறீர்கள், நேரமும் இல்லை. 'தகவு: ஒரு குறிப்பிட்ட சூழலில் ஓர் உயிர், தன் இனத்தின் மற்றவற்றோடு ஒப்பிட, எவ்வளவு சந்ததியை விட்டுச்செல்கிறது என்பது' என்று வரையறையோடு போடுகிறேன். பரிணாமம் அப்படியே இருக்கட்டும்.

---

சரி, அச்சிடுங்கள். உய்திறனை அடைப்புக்குறிக்குள்ளாவது சேருங்கள். 'பிழைத்தல்' பற்றி யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.