புதுப்பிப்பு: எச்61 போர்டு என்விஎம்இ எஸ்எஸ்டியில் பூட் ஆகிவிட்டது

கிருஷ்ணகிரியில் அப்பாவின் கடைக் கணினி, இன்டெல் எச்61 சிப்செட் உள்ள பழைய மதர்போர்டு. பிசிஐஇ ஸ்லாட்டில் செருகும் அடாப்டரில் போட்ட என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) விண்டோஸில் தெரிகிறது, ஆனால் அதிலிருந்து கணினி பூட் ஆகவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) கோப்பிலேயே என்விஎம்இ டிரைவரைச் சேர்க்கச் சொன்ன யோசனைதான். அதற்கு பயாஸ் கோப்பைத் திருத்தும் யுஇஎஃப்ஐடூல் என்ற மென்பொருளின் பழைய பதிப்பு வேண்டும். 'என்இ' என்று வரும் புதியதில் கோப்பைத் திருத்த முடியாது. பயாஸை எழுதும் போர்டின் சொந்த ஃப்ளாஷ் வசதி மாற்றிய கோப்பை ஏற்கவில்லை. அப்புறம் பழையபேட்டை செல்போன் சர்வீஸ் அண்ணன் பயாஸ் சிப்பைக் கழற்றி, சிஎச்341ஏ புரோகிராமரில் (சிப்பில் நேரடியாக எழுதும் சிறு கருவி) முதலில் பேக்கப் எடுத்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

எதிர்பாராதது ஒன்று: பயாஸில் எஸ்எஸ்டியின் பெயர் வரவில்லை, 'பாட்டா' (பழைய வகை டிஸ்க் இணைப்பின் பெயர்) என்றுதான் காட்டியது. பயந்துவிடாதீர்கள். ஜிபிடி என்ற டிஸ்க் பிரிப்பு முறையில் விண்டோஸ் நிறுவியதும் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' வந்தது. அதையே பூட் வரிசையில் முதலில் வைத்தேன். வேகம் நொடிக்கு 1,600 எம்பி. அடாப்டர் செருகிய பிசிஐஇ 2.0 ஸ்லாட்டில் நான்கு லேனுக்கு (தரவு செல்லும் பாதை) 2,000 எம்பிதான் எல்லை.