புதுப்பிப்பு: மாமாவின் பழைய ரேஸ் சைக்கிள்

மாமா தந்த பழைய ரேஸ் சைக்கிளைத் திருத்துவதா, புதிது வாங்குவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். திருத்தியாச்சு.

உண்மையான வில்லன் சீற் கம்பிதான். மட்டக்களப்புக் கல்லடிக் கடற்காற்றில் துருவேறிச் சைக்கிள் சட்டத்துக்குள் இறுகிவிட்டது. மூன்று நாள் எண்ணெய் விட்டு, நான்காம் நாள் கடைக்கார அண்ணன் முறுக்க, கிரீச்சென்று அரை அங்குலம் அசைந்தது. அப்புறம் முழுசாக வந்தது.

பின் சில்லு பொருந்தும் சட்ட இடைவெளி 126 மில்லிமீற்றர். புது ஹப்புக்கு (சில்லின் நடுப்பகுதி) 130 வேண்டும். சட்டம் இரும்பென்பதால் விரிக்கலாம்தான், எனக்கு மனம் வரவில்லை. பழைய ஹப்பிலேயே, 27 அங்குல றிம்முக்குப் பதில் சற்றே சிறிய 700சி அளவு றிம் கட்டுவித்தேன். அதனால் பிரேக் கட்டையை 4 மில்லிமீற்றர் இறக்க வேண்டியிருந்தது, நல்லவேளை இடமிருந்தது. கியர் அதே பழசு.

நேற்றுப் பாலம் தாண்டிக் காத்தான்குடி வரை போய்வந்தேன். செயின் மட்டும் இன்னும் முனகுகிறது.