தாத்தா நோட்டில் பெட்டி பெட்டியாக

குழு: வடக்குத் தெரு வீடு

பெரியப்பா: தாத்தாவின் கணக்கு நோட்டில் 12 பக்கம் அடித்து முடித்தேன். கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் இருந்தது. இங்கே போட்டால் இப்படி வருகிறது: "ஆடி 18. கீழவயல் குத்தகை நெல் 2 கலம் 3 மரக்கால் □"

அத்தை: எனக்கும் பெட்டிதான் அண்ணா.

செல்வி: எனக்கும் 🙋

பெரியப்பா: அது கால் பங்குக்கான குறி. தாத்தா எழுதியிருப்பது வ மாதிரி, வாலை இழுத்துவிட்ட வ. மூன்று ராத்திரி உட்கார்ந்து அடித்தது. சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் வ என்றே போட்டுவிடுகிறேன்.

முரளி: பெரியப்பா, கை வைக்காதீர்கள்! பெட்டி வந்தால் எழுத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது உள்ளே பத்திரமாக இருக்கிறது. வரைந்து காட்ட நம் போனில் ஃபான்ட் இல்லை, அவ்வளவுதான்.

பெரியப்பா: தமிழ் ஃபான்ட் இல்லாமலா நீ எழுதுவதைப் படிக்கிறேன்?

முரளி: அது அன்றாடம் எழுதும் எழுத்துகளுக்கு. கால், அரை, மா, காணி, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகளுக்கு, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் பட்டியலில் 2019இல்தான் இடம் கிடைத்தது. அதுவும் தமிழ் சப்ளிமெண்ட் என்று தனித் தொகுதியில். யூனிகோட் எண் மட்டும்தான் கொடுக்கும். உருவம் வரைந்து சேர்ப்பது ஃபான்ட் செய்கிறவர்கள் பாடு. பொங்கலுக்கு வந்தபோது உங்கள் கம்ப்யூட்டரில் நோட்டோ ஃபான்ட் ஒன்று போட்டேனே, அதில் இருக்கிறது.

செல்வி: முரளி அண்ணா, எல்லாவற்றையும் ஒரே ஃபான்ட்டில் போட்டுத் தொலைத்தால் என்ன?

முரளி: ஒரு ஃபான்ட்டில் 65,535 உருவத்துக்கு மேல் ஏறாது. யூனிகோடில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் எழுத்து இருக்கிறது, பாதிக்கு மேல் சீன எழுத்தே. அதனால் போன் ஒவ்வொரு ஃபான்ட் வீடாகப் போய்க் கதவைத் தட்டும். நடுவில் ஒரு கன்னட வார்த்தை வந்தால் தமிழ் ஃபான்ட் கைவிரிக்கும், கன்னட ஃபான்ட் எடுத்துக்கொள்ளும். நமக்குத் தெரியவே தெரியாது. எல்லா வீட்டிலும் இல்லை என்றால்தான் பெட்டி. அதற்கு டோஃபு என்று பட்டப்பெயர். "நோ டோஃபு"தான் சுருங்கி நோட்டோ ஆனது.

அத்தை: டோஃபு என்றால் அந்த சோயா பன்னீரா?

முரளி: அதேதான் அத்தை. வெள்ளையாக, சதுரமாக 😄

அத்தை: அப்போ செல்வி அனுப்பும் புதுப் பொம்மைகள் என் போனில் பெட்டியாக வருவதும் இதனால்தானா! அவள் ஏன் காலி டப்பா அனுப்புகிறாள் என்று இத்தனை நாள் யோசித்தேன்.

செல்வி: அத்தை 🤣🤣

பெரியப்பா: போன மாதம் கல்யாணப் பத்திரிகை மேட்டர் குப்பையாக வந்ததே, அதுவும் டோஃபுவா?

முரளி: இல்லை, அது வேறு வியாதி. அச்சகத்தில் பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் அடித்தது. பாமினியில் "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே இருப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஃபான்ட் அதற்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிடுகிறது. பாமினி இல்லாத போனில் சட்டை கழன்றுவிடும். அங்கே உள்ளே இருக்கும் எழுத்தே வேறு. நீங்கள் காலுக்குப் பதில் வ போட்டாலும் கிட்டத்தட்ட அதே கதைதான். நாளைக்கு யாராவது நோட்டில் தேடினால் வயலும் வரும், வரப்பும் வரும், வண்டி வாடகையும் வரும். கால் மட்டும் தனியாக வராது.

பெரியப்பா: சரி, அழிக்கவில்லை. இவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

முரளி: பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். வேண்டிய உருவங்கள் அதற்குள்ளேயே சேர்ந்து வந்துவிடும்.

பெரியப்பா: 📎 தாத்தா நோட்டு, 12 பக்கம்

செல்வி: வந்துவிட்டது! வால் நீண்ட வ!

அத்தை: அண்ணா, 7ஆம் பக்கம் பாருங்கள். என் தலைதீபாவளிக்கு ஆறு மரக்கால் அரிசி அனுப்பியதாக அப்பா ஊரெல்லாம் சொன்னாரே. இதில் ஐந்தேகால்தானே இருக்கிறது?

பெரியப்பா: முரளி, அந்தப் பெட்டியைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா?